நாடகம் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூ வணிகவியல். பள்ளிக் கலைத் திருவிழாவில் குழந்தைத் திருமணத்தைப் பற்றித் தெருநாடகம் போட்டு மாவட்ட அளவில் பரிசு வாங்கினாள், அன்றிலிருந்து நாடகம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பாவோ பி.காம் சேர்ந்தால் ஃபீஸ் கட்டுவேன், கூத்தாடி ஆகப் போகிறேன் என்றால் ஒரு ரூபாய் கிடையாது என்கிறார். நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள்.

முதலில் அந்தக் 'கூத்தாடி' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ராத்திரி முழுக்க ஆடுகிறவன் எப்போது விடியும் என்று கிழக்கைப் பார்க்கிறான், பகலெல்லாம் மண்வெட்டி பிடிப்பவன் எப்போது பொழுது சாயும் என்று மேற்கைப் பார்க்கிறான். பழமொழி இரண்டு பேரையும் உழைப்பாளிகளாக ஒரே வரிசையில்தான் வைக்கிறது, அதை வசவாக்கியது நாம்தான். 2025ல் பத்மஸ்ரீ வாங்கியவர்களில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். "விருது வாடகை கட்டுமா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். 1991ல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பத்து வயது. கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கலைப்பயணக் குழு நாடகம் போட்டது. கடன் பத்திரத்தில் வட்டிக்காரன் ஒரு பூஜ்யத்தைக் கூட்டி எழுதிக்கொண்டு, படிக்கத் தெரியாதவளிடம் கைநாட்டு வாங்குகிற காட்சி. என் அப்பத்தா வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் சிலேட்டை இழுத்து, "பத்துக்கும் நூத்துக்கும் எத்தனை முட்டைடா வித்தியாசம்?" என்று கேட்டார். அறிவொளி வகுப்புக்குப் போகச் சொல்லி ஊர்த்தலைவர் மூன்று தடவை வந்து பேசியும் அசையாத மனுஷி! அதே இயக்கம்தான் பெண்களைச் சைக்கிள் ஓட்டவும் கூப்பிட்டது, அதற்கென்று பாட்டே கட்டினார்கள், எங்கள் ஊர்ச் சாலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். திட்டத்தை எழுதியது அரசாங்கம், அதை என் அப்பத்தா மண்டையில் ஏற்றியது அந்த நாடகக்காரர்கள். 2021ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும் முதலில் ஊர் ஊராகப் போனது கலைக்குழுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாடகத்தைப் பார்த்து அரசாங்கங்கள் பயந்திருக்கின்றன. 1954ல் இங்கே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்று வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்குக் கடிவாளம் போடத்தான் அந்தச் சட்டம் என்பது நாடக உலகில் எல்லாரும் சொல்கிற கதை. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. வெறும் பொழுதுபோக்கு என்றால் அதற்குத் தனியாகச் சட்டம் போடுவானேன்? உங்கள் மகள் கையில் எடுத்திருக்கும் சமாச்சாரத்தின் கனம் இது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

போன வாரம் அவளிடம் தொலைபேசியில் பேசினேன் அல்லவா, நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த நாடகத்தில் நீ என்னம்மா செய்தாய்?" இருபது நிமிடம் பேசினாள். நடித்ததைப் பற்றி இரண்டு நிமிடம்கூட இல்லை. பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு நான்கு வரி எழுதிக்கொண்டது, மைக் இல்லாத மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று கூட்டத்தை அரைவட்டமாக உட்காரவைத்தது, கல்யாணப் பெண் வேஷத்தை வேண்டுமென்றே எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்தது. "எல்லாரும் முதல்ல சிரிச்சாங்க சார், தாலி கட்டுற இடத்துல சத்தமே இல்ல" என்றாள். அம்மா, இது சினிமா ஆசை இல்லை. ஆட்களை வைத்து ஒரு விஷயத்தை ஊருக்குள் கொண்டுபோகத் தெரிந்த பெண் அவள். நீங்கள் பயப்படுவது நடிகைக்கு வாய்ப்புக் கிடைக்குமா என்று. அவள் போகிற வழியே வேறு.

சரி, பணம். மேடை நாடகத்தில் நடித்து மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு, இதை மறைக்க மாட்டேன். வருமானம் பல இடத்திலிருந்து துண்டு துண்டாக வரும்: பள்ளிகளில் நாடகப் பயிற்சி (கலையோடு சேர்த்துப் பாடம் நடத்தவேண்டும் என்று சிபிஎஸ்இ 2019லேயே கட்டாயமாக்கியதால் தனியார் பள்ளிகளில் இதற்குத் தேவை உண்டு), தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு வேலை, சுகாதாரத் துறைப் பிரசாரம், ஒளி, ஒலி, உடை அமைப்பு, வசனம் எழுதுவது, சினிமாவில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. என்னிடம் படித்த ஒரு பையனுக்குப் பிரசார நாடகம் போட்ட கூலி ஏழு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அந்த ஏழு மாதத்தைத் தாக்குப்பிடிக்க இன்னொரு வருமானம் வேண்டும். அரசுப் பள்ளியில் நாடக ஆசிரியர் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்து பணம் கேட்டால், மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதனால் என் யோசனை உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே பிடிக்காமல் போகலாம். இப்போதே நாடகத்தில் சேர்க்கவேண்டாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டமும் நாடகங்களில் வேலை செய்த அனுபவமும் கேட்கிறார்கள், சேர்ந்துவிட்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் முதுகலைப் படிப்பு, அதற்கும் பட்டம் வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் முதல் மூன்று வருடம் ஒரு பட்டத்துக்குத்தான் போகப்போகிறது. அது பி.காமாகவே இருக்கட்டுமே! விஜய் சேதுபதி பி.காம் படித்தவர், ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் நுழைந்ததே கணக்கு எழுதத்தான். ஆனால் இந்தக் கதையை மகளிடம் சொல்லிவிடாதீர்கள், சினிமா நினைப்பே இல்லாதவளுக்கு நாமே அதை ஏற்றிவிட்டதாகிவிடும். அப்பாவிடம் சொல்லலாம். நாடகக் குழுக்கள் நொடிப்பதற்குப் பாதிக் காரணம் கணக்கு வழக்குத் தெரியாததுதான், மானிய விண்ணப்பத்தையும் வரவு செலவையும் ஒழுங்காக எழுதத் தெரிந்த இயக்குநரைக் குழுக்கள் கையில் வைத்துத் தாங்கும். என்னைக் கேட்டால் சமூகப் பணி, உளவியல், தமிழ் இலக்கியம் இந்த மூன்றில் ஒன்று அவளுக்கு இன்னும் பொருத்தம். விஷுவல் கம்யூனிகேஷன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் பார்த்த பல கல்லூரிகளில் ஃபீஸ்தான் பெரிதாக இருக்கிறது, கேமரா ஒன்றோ இரண்டோ.

கல்லூரி எதுவாக இருந்தாலும் அதில் நாடகக் குழு உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். விடுமுறையில் பறையோ தெருக்கூத்தோ ஒரு ஆசானிடம் முறையாகக் கற்கட்டும். பதினெட்டு வயது ஆனதும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 25 வயது வரை தகுதி, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். அதற்குக் குருவின் கடிதமும் பயின்ற சான்றும் கேட்பார்கள், இப்போதே சேர்த்துவைக்கச் சொல்லுங்கள்.

'பொம்பளப் புள்ள, ராத்திரி ஒத்திகை' என்று எழுதி நிறுத்தியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் ஒத்திகைக்கு நீங்களும் கூடப் போங்கள். குழுவில் எத்தனை பெண்கள், அவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், வெளியூர்ப் பயணத்தில் தங்குமிடம் எப்படி என்று நேராகவே கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது சட்டம், சிறிய குழு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற குழுவில் சேர்க்காதீர்கள், அவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

தேர்வு முடிவு வருவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. அந்த நாடகத்துக்கு அவள் எழுதிய நோட்டை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒப்பாரி வரிகள் உட்பட, அடித்துத் திருத்திய பக்கங்களும் வேண்டும். அடுத்த மாதம் நேரில் வரும்போது அப்பாவையும் அழைத்து வாருங்கள். அவர் இன்னும் அந்த நாடகத்தைப் பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யாராவது ஒரு டீச்சர் கைப்பேசியில் எடுத்திருப்பார், வாங்கி வையுங்கள்.