சட்டம் கொண்டு வருவோம் என்று சொன்ன அரசை நாடாளுமன்றத்தில் கேள்வியால் பிடிக்க முடியுமா?

கேள்வி: ஒரு சட்டம் கொண்டு வரப்போவதாக மத்திய அரசு அறிவித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால், எதிர்க்கட்சி எம்.பி.க்களால் என்ன செய்ய முடியும்? கேள்வி கேட்பதால் ஏதாவது நடக்கிறதா?

பதில்:

நடக்கும். ஆனால் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

"அந்த மசோதாவை எப்போது கொண்டு வருவீர்கள்?" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கேள்வி. இதற்கு எல்லா அமைச்சகங்களிடமும் பதில் தயாராக இருக்கும்: பலதரப்பினரிடமும் கருத்துக் கேட்க வேண்டியிருக்கிறது, காலவரையறை எதுவும் சொல்ல இயலாது. அதில் பொய்யும் இருக்காது, தகவலும் இருக்காது. கேட்டவருக்கு ஒரு கேள்வி வீண்.

முதலில், எது வாக்குறுதி என்பதில் தெளிவு வேண்டும். கூட்டத்தொடர் தொடங்குமுன் அரசு எடுத்துக்கொள்ளப்போகும் மசோதாக்களின் பட்டியல் வெளியாகும். அது உத்தேசப் பட்டியல்தான், அரசைக் கட்டுப்படுத்தாது. கிரிப்டோகரன்சி மசோதா 2021 பட்ஜெட் கூட்டத்தொடர் பட்டியலில் இருந்தது, அதே ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடர் பட்டியலிலும் இருந்தது. இரண்டிலும் அறிமுகமாகவில்லை. பட்டியலைக் காட்டி "ஏன் வரவில்லை?" என்று சண்டை போடலாம், அன்றைய செய்திக்கு உதவும். அதற்கு மேல் பலன் இல்லை.

அதே விஷயத்தில் சிதம்பரம் எம்.பி. தொல். திருமாவளவன் கேட்ட கேள்வியைப் பாருங்கள். கிரிப்டோவைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்குப் பரிந்துரைத்ததா என்பது அதில் ஒரு பகுதி. 2022 ஜூலை 18 அன்று மக்களவையில் நிதியமைச்சர் அளித்த எழுத்துமூலப் பதிலில் மூன்று விஷயங்கள் பதிவாகின. ரிசர்வ் வங்கி சட்டம் இயற்றப் பரிந்துரைத்திருக்கிறது. தடை செய்ய வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் பரவலான சர்வதேச ஒத்துழைப்பு கிடைத்த பிறகே எந்தச் சட்டமும் பலன் தரும். அதாவது, மசோதா இப்போதைக்கு வராது என்பதை அரசே எழுத்தில் கொடுத்துவிட்டது. "எப்போது" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. "எந்த அமைப்பு என்ன சொன்னது" என்று கேட்டதால் வந்தது.

மசோதா வானத்திலிருந்து குதிப்பதில்லை. துறை அமைச்சகம் கொள்கை முடிவெடுத்து வரைவு தயாரிக்கும். 2014-இல் வகுத்த கொள்கைப்படி அந்த வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் (இது சட்டமல்ல, கொள்கைதான், அடிக்கடி மீறப்படுகிறது). பிறகு மற்ற அமைச்சகங்களின் கருத்து, சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறை சரிபார்ப்பு, அமைச்சரவைக் குறிப்பு, அமைச்சரவை ஒப்புதல், அதன் பின்தான் அவையில் அறிமுகம். கேள்வி இந்தப் படிகளில் ஒன்றைப் பிடித்து அதன் தேதியைக் கேட்க வேண்டும்.

சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. 2010-இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு (ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கும் எம்.பி.க்கள் குழு) அனுப்பியது, 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் புதிய வரைவையே கொடுத்தது. இதைப் பற்றி உள்துறைக்கு ஒரு கேள்வி எழுதினால் இப்படி இருக்கலாம்:

"(அ) சட்ட ஆணையத்தின் 273-வது அறிக்கை அமைச்சகத்துக்கு எந்தத் தேதியில் கிடைத்தது, (ஆ) அதன் மீது மாநிலங்களின் கருத்து கேட்கப்பட்டதா, எனில் எந்தத் தேதியில், (இ) பதில் அனுப்பிய மாநிலங்கள், அனுப்பாத மாநிலங்கள் எவை, (ஈ) அனுப்பாதவற்றுக்குக் கடைசியாக நினைவூட்டல் சென்ற தேதி, (உ) வரைவு மசோதா சட்டமியற்றல் துறைக்கு அனுப்பப்பட்டதா, இல்லையெனில் காரணம்?"

இதில் கருத்துக் கேட்கும் இடமே இல்லை, எல்லாம் ஆவணம், தேதி, பெயர். "காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது" என்ற வழக்கமான தட்டிக்கழிப்புக்கும் இடம் குறைவு, ஏனென்றால் மத்திய அமைச்சகம் தானே என்ன செய்தது என்றுதான் கேட்கிறோம்.

கேள்வி தள்ளுபடியாகும் காரணங்களும் பெரும்பாலும் எழுதிய விதத்தில்தான் இருக்கும். மக்களவை விதி 41-இன்படி 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கருத்தையோ அனுமானத்தையோ கேட்கக்கூடாது. நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழுவிடமோ நிலுவையில் உள்ளதைக் கேட்கக்கூடாது. ஏற்கெனவே பதில் சொன்னதையே திரும்பக் கேட்கக்கூடாது, அதனால் பழைய பதில்களைத் தேடிப் பார்க்காமல் எழுதுவது வீண் வேலை. இன்னொரு தவறு, மசோதா என்றவுடன் சட்ட அமைச்சகத்தைக் கேட்பது. அவர்கள் வரைவைச் சரிபார்ப்பவர்கள் மட்டுமே. பொறுப்பு துறை அமைச்சகத்துடையது. தப்பான அமைச்சகத்துக்குப் போன கேள்வி மாற்றப்பட்டு, உரிய தேதியைத் தவறவிடும். ஒவ்வொரு அமைச்சகமும் பதில் சொல்வது வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான்.

மக்களவையில் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். குலுக்கலில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமிடாத கேள்விகளும் பட்டியலில் சேரும். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். நட்சத்திரமிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டுமே பதில். அமைச்சரைத் திணற வைப்பது துணைக் கேள்விதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் முதல் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அரிது, மீதிக்கு எழுத்தில்தான் பதில். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த ஐந்தாறும் போய்விடும். கேள்வி நேரத்தை முடக்கும் எதிர்க்கட்சி தன் கையிலிருக்கும் ஆயுதத்தைத் தானே கீழே போடுகிறது என்பது என் கருத்து. தேதியும் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் நட்சத்திரமிடாத கேள்வியே போதும்.

பலருக்கும் தெரியாத பகுதி இனிமேல்தான். அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது", "விவரம் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "ஆராய்ந்து பார்க்கிறேன்" என்று சொன்னால், அது அவையின் கணக்கில் உறுதிமொழி. எந்தெந்தச் சொற்கள் உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே உண்டு. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் பதில்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து உரிய அமைச்சகத்துக்கு அனுப்பும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், அல்லது கைவிட அனுமதி கேட்க வேண்டும். இதைக் கண்காணிப்பது அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953 முதல் இருக்கிறது, 15 உறுப்பினர்கள், அமைச்சர்கள் இடம்பெற முடியாது. அதிகாரிகளை நேரில் அழைத்து "ஏன் இன்னும் முடியவில்லை?" என்று கேட்கும் இடம் அதுதான்.

அதனால்தான் விவரம் தெரிந்த அதிகாரிகள் பதில் வரைவில் "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல்லைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். "அப்படி எந்த முன்மொழிவும் இல்லை" என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை. கேட்பவருக்கு அதுவும் லாபம்தான். வெளியே மேடையில் "சட்டம் வருகிறது" என்று அமைச்சர் பேசியிருந்தால், அவையில் "முன்மொழிவு இல்லை" என்ற பதிலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேரமில்லா நேரத்தில் (முன்னறிவிப்புக் காலமின்றி அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்) எழுப்பினால் தலைப்புச் செய்தி கிடைக்கும், அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயமில்லை. மக்களவையில் 377-வது விதியின் கீழ் எழுப்பினால் பின்னர் எழுத்தில் பதில் வரும், பெரும்பாலும் சப்பென்று இருக்கும். ஏற்கெனவே கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தால் அதையே பிடித்து அரை மணி நேர விவாதம் கோரலாம், மக்களவையில் விதி 55. இது குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது, வீணாகும் நல்ல வழி.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா, இன்னொரு வழி. 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதால் பலர் இதைச் சடங்காகப் பார்க்கிறார்கள். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அதன் பிறகு அரசு தன் சொந்த மசோதாவை 2016-இல் கொண்டு வந்தது, 2019-இல் சட்டமானது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு அதில் இல்லை, அந்தக் குறை இன்றும் பேசப்படுகிறது. ஆனாலும் அரசு சும்மா இருக்க முடியாமல் போனது.

மசோதா எந்த அவையில் அறிமுகமானது என்பதையும் கவனிக்க வேண்டும். மக்களவையில் நிலுவையில் இருப்பதும், சித்திரவதைத் தடுப்பு மசோதா போல மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்பதும் மக்களவை கலைந்தால் காலாவதி. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்பது காலாவதியாகாது. மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, 2010 மார்ச்சில் அங்கே நிறைவேறி, மக்களவைக்குப் போய்த் தேங்கியதால் 2014-இல் காலாவதியானது. "மசோதா நிலுவையில் உள்ளதே" என்று அரசு சொன்னால் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துணைக் கேள்வி கேளுங்கள்.

சட்டம் நிறைவேறியவுடன் கேள்வியை நிறுத்துவதும் தவறு. சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசு வகுக்கும் விதிகள் வராத சட்டம் பெரும்பாலும் காகிதம்தான். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச் 11-இல். விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும், தாமதமானால் இந்த விதிகளைக் கண்காணிக்கும் இரு அவைகளின் சார்நிலைச் சட்டக் குழுக்களிடம் அவகாசம் வாங்க வேண்டும் என்பது நடைமுறை. எனவே "விதிகள் எப்போது?" என்று கேட்காதீர்கள். "இதுவரை எத்தனை முறை அவகாசம் கேட்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் என்ன, கடைசி அவகாசம் முடியும் தேதி எது?" என்று கேளுங்கள். மூன்றுமே கோப்பில் இருப்பவை, "விவரம் இல்லை" என்று சொல்ல வழி கிடையாது.