இசை கேட்கிறது, பாடகர் குரலைக் காணோம்: ஐபாடை மிக்ஸர், ஆம்ப், காரோடு இணைப்பது எப்படி?

வாசகர் கேள்வி: என்னிடம் 160 ஜிபி ஐபாட் கிளாசிக் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் ஒரு குறையும் இல்லை. கோயில் விழாவில் மைக்செட் மிக்ஸரில் இணைத்தபோது புதுப் பாடல்களில் இசை மட்டும் வந்தது, பாடகர் குரல் எங்கோ போய்விட்டது. பழைய பாடல்கள் சுத்தமாகக் கேட்கவே இல்லை. வீட்டு ஆம்பில் மாட்டினால் பாஸ் வரும் இடமெல்லாம் சத்தம் உடைகிறது. சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல், காரிலும் அதே தொல்லை. ஐபாட் பழுதா? என்ன வயர் வாங்க வேண்டும்?

பதில்: ஐபாட் நன்றாகவே இருக்கிறது. வயர் துளைக்குள் பொருந்திவிட்டால் இணைப்பு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஒரே அளவு துளைக்குள் வெவ்வேறு வகை சிக்னல்கள் ஓடுகின்றன, சிக்கல் அங்கேதான். கோயில் விவகாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழைய பாடல், புதுப் பாடல் என்று நீங்கள் பிரித்துச் சொன்னதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஐபாடில் செருகும் 3.5 மி.மீ. பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று உலோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கும். நுனியில் இடது சேனல், நடுவில் வலது, அடிப்பகுதியில் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். மிக்ஸரின் 6.35 மி.மீ. லைன் இன்புட்டும் பெரும்பாலும் மூன்று பகுதிப் பின்னைத்தான் ஏற்கும். ஆனால் அது ஸ்டீரியோ துளை அல்ல. பேலன்ஸ்டு என்ற வகை அது: நுனியில் சிக்னல் நேராகவும், நடு வளையத்தில் அதே சிக்னல் தலைகீழாகவும் வரும் என்று எதிர்பார்த்து, மிக்ஸர் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது. நீண்ட மைக் வயரில் வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், இந்தக் கழித்தலில் அது அழிந்துபோகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஸ்டீரியோ பின்னை அங்கே செருகினால் மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். பாடகர் குரல் வழக்கமாக இரண்டு சேனலிலும் சம அளவில் பதிவாகியிருக்கும், ஆகவே கழித்தால் மீதி இல்லை. பக்கவாட்டில் பிரித்து வைத்த வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் தப்பிக்கும். மோனோவில் பதிவான பழைய பாடல்களில் இரண்டு சேனலும் ஒன்றேதான், அதனால் பாட்டே காலி. இசைத்தட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பாட்டாக இருந்தால் ஒரு விநோதம் நடக்கும்: பாட்டு மறைந்து தட்டின் கீறல் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். கீறல் ஒலி இரண்டு சேனலிலும் ஒன்றுபோல் இருக்காது, அதனால் அது கழிவதில்லை.

வாங்க வேண்டிய வயர் இது: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் ஒன்று, மறுமுனையில் 6.35 மி.மீ. மோனோ பின் இரண்டு. மோனோ பின்னில் ஒரே ஒரு கறுப்பு வளையம்தான் இருக்கும். கடையில் வாங்கும்போதே எண்ணிப் பார்த்துவிடுங்கள். இரண்டையும் மிக்ஸரின் அடுத்தடுத்த இரண்டு லைன் இன்புட்டில் செருகுங்கள்.

பிறகு பான் குமிழ், அதாவது ஒலி இடதுக்கா வலதுக்கா என்று பிரித்துவிடும் குமிழ். புத்தகப்படி ஒரு சேனலை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் திருப்ப வேண்டும். ஆனால் விழாக்களில் பல மைக்செட்காரர்கள் மிக்ஸரின் இடது அவுட்புட் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து ஆம்புக்குக் கொடுத்து, மரத்தில் கட்டிய எல்லா ஹார்ன்களையும் ஓட்டுவார்கள். அப்படியானால் வலது சேனலில் இருப்பது எதுவும் ஊருக்குக் கேட்காது. அங்கே இரண்டு பான் குமிழையும் நடுவில் வையுங்கள். மிக்ஸரே இரண்டு சேனலையும் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளும்.

மிக்ஸரில் ஒரே ஒரு இன்புட்தான் காலியாக இருக்கிறது என்றால் இடதையும் வலதையும் நீங்களே சேர்த்தாக வேண்டும். இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகச் சால்டர் வைப்பது தவறு. இடதும் வலதும் வேறுபடும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு சேனலின் ஆம்ப் மற்றதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். ஒலி கெடும், பிளேயரின் உள் ஆம்ப் தேவையில்லாமல் உழைத்துச் சூடாகும். இடது வயரில் ஒரு ரெசிஸ்டர், வலது வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து மோனோ பின்னின் நுனியில் சால்டர் வையுங்கள். 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை எதுவானாலும் சரி, ஆனால் இரண்டும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும். கால் வாட் போதும். கிரவுண்டை நேராக அடிப்பகுதியில் வையுங்கள். உலோக உறை கொண்ட 6.35 பின்னுக்குள் இவை இரண்டும் அடங்கிவிடும், ஒவ்வொன்றின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறை) போட மறக்காதீர்கள்.

மூன்று துளை கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட்டில் ஐபாடை நேரடியாக மாட்டவே கூடாது. சத்தம் அளவுக்கு மீறி வரும் என்பது சின்னக் காரணம். கண்டென்சர் மைக்குக்காக மிக்ஸரில் இருக்கும் 48 வோல்ட் பான்டம் பட்டன் அமுங்கியிருந்தால், அந்த மின்னழுத்தம் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஐபாடின் ஹெட்போன் சர்க்யூட்டுக்குள் இறங்கும். பல மிக்ஸர்களில் எல்லா மைக் சாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டன்தான். உங்கள் சேனலில் யாரும் கைவைக்காவிட்டாலும், பக்கத்து மைக்குக்காகப் போட்ட பட்டன் உங்கள் ஐபாடைக் கெடுக்கலாம். மைக் சாக்கெட்தான் மிச்சம் என்றால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (பிளேயரின் சிக்னலை மைக் சாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்றை மைக்செட்காரரிடம் கேளுங்கள். பான்டத்தைத் தடுப்பதோடு இரைச்சலையும் அது சேர்த்துத் தடுக்கும்.

இனி வீட்டு ஆம்ப். முதலில் பின்பக்கம் எதில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆக்ஸ், சிடி, டேப், டியூனர் எதுவானாலும் பரவாயில்லை. போனோவும் மைக்கும் ஆகாது. போனோ, இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட் சிக்னலுக்காகச் செய்தது. அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குவதோடு, தட்டுப் பதிவில் குறைத்து வைத்த பாஸை உயர்த்தியும் கொடுக்கும். ஐபாடை அங்கே மாட்டினால் நீங்கள் எழுதியதுபோலத்தான் பாஸ் வீங்கி உடையும்.

ஆக்ஸில்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் குற்றவாளி ஐபாடின் ஈக்யூ, அதாவது பாஸ், ட்ரெபிள் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. செட்டிங்ஸுக்குள் போய் ஈக்யூவை ‘ஆஃப்’ செய்யுங்கள். பாஸ் பூஸ்டர் மாதிரியான அமைப்பு, ஏற்கெனவே உச்ச அளவில் பதிவான பாட்டின் பாஸை இன்னும் மேலே தள்ளுகிறது. மேலே இடம் இல்லாததால் அலையின் தலை வெட்டுப்படுகிறது. பாஸ் வேண்டுமானால் ஆம்பின் குமிழில் கூட்டிக்கொள்ளுங்கள், அங்கே இடம் இருக்கிறது.

ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும்போது ஐபாடின் வால்யூம் 80 முதல் 90 சதவீதத்தில் நிற்கட்டும். அதற்கு மேல் ஆம்பில் கூட்டுங்கள். ஐபாடில் 30 சதவீதம் வைத்துவிட்டு ஆம்பை முறுக்கினால், ஆம்ப் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். எவ்வளவு கூட்டியும் சத்தம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் வால்யூம் லிமிட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். 3.5 மி.மீ. பின் உள்ளே நழுவும் வழியில் ஒரு கணம் தவறான தொடர்புகளைத் தொட்டுச் செல்லும், அந்த ‘டப்’ ஒலிக்கு ஸ்பீக்கர் பெட்டியின் ட்வீட்டர்தான் (உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) விலை கொடுக்கும்.

இதைவிட நல்ல வழி ஐபாடின் அடியிலேயே இருக்கிறது. 2003இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாடிலிருந்து கிளாசிக்கின் கடைசிப் பதிப்பு வரை இருக்கும் 30 பின் டாக் சாக்கெட்டில் லைன் அவுட் உண்டு: 2ஆம் பின் கிரவுண்ட், 3 வலது, 4 இடது. ஹெட்போன் ஆம்ப், வால்யூம் இரண்டையும் தாண்டி நேராக வரும் சிக்னல் இது. லைன் அவுட் டாக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் லைன் அவுட் துளை உள்ள பழைய ஐபாட் டாக் கிடைத்தாலும் நல்லது. சாதாரண யுஎஸ்பி வயரை வெட்டிப் பார்த்துப் பயனில்லை, இந்த மூன்று பின்னுக்கும் அதில் வயர் போயிருக்காது. இரண்டு எச்சரிக்கை. லைன் அவுட்டின் அளவு நிலையானது, ஐபாடின் சக்கரத்தைச் சுற்றினால் சத்தம் மாறாது. ஆகவே வால்யூம் குமிழ் இல்லாத பவர் ஆம்பிலோ பவர்டு ஸ்பீக்கரிலோ இதை நேரடியாக மாட்டாதீர்கள். அடுத்தது, பழைய 30 பின் வயர்களின் தலையில் இரண்டு பக்கமும் சின்ன அழுத்தான்கள் இருக்கும். அவற்றை அமுக்காமல் இழுத்தால் ஐபாடின் சாக்கெட் பெயர்ந்து வரும்.

ஆக்ஸ் வயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். உயர் சுருதியைக் குறைக்கக்கூடியது வயரின் கெப்பாசிட்டன்ஸ்; அது மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்தால், 10 மீட்டர் வயரில் 1 நானோஃபாரட். பிளேயரின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 1 கிலோ ஓம் இருந்தால்கூட ஒலி குறையத் தொடங்கும் இடம் 160 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நம் காது 20க்கு மேல் கேட்காது. பணத்தை நல்ல ஷீல்டுக்கும் (உள்வயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) உறுதியான பின்னுக்கும் கொடுங்கள். பின்னின் கைப்பிடி மெலிதாக இருக்க வேண்டும். தடித்திருந்தால் ஐபாடின் ரப்பர் உறையில் இடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கிரவுண்ட் சரியாகத் தொடாமல் இங்கும் குரல் காணாமல் போகும். உறையைக் கழற்றியும் பின் முழுதாக இறங்கவில்லை என்றால் துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கிறது. பல் குத்தும் மரக் குச்சியால் எடுங்கள், ஊசி போடாதீர்கள்.

இரைச்சலுக்கு வருவோம். சார்ஜரில் இருக்கும்போது ஐபாடின் பளபளக்கும் எஃகு முதுகில் விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக, லேசாக அதிர்வதுபோல் இருக்கும். எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டருக்குள் மெயின்ஸ் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் வழியே கசியும் நுண்ணிய மின்சாரத்தைத்தான் விரல் உணர்கிறது. ஐபாடை ஆம்போடு இணைத்ததும் அந்தக் கசிவு ஆக்ஸ் வயரின் ஷீல்டு வழியாக ஆம்புக்கு ஓடுகிறது. சிக்னலுக்கும் அதே ஷீல்டுதான் திரும்பும் பாதை என்பதால் கசிவும் இசையோடு கலந்து பெருகுகிறது.

காரில் கதை கொஞ்சம் வேறு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் நெகட்டிவும் ஸ்டீரியோவின் கிரவுண்டும் காரின் உடலில் வெவ்வேறு இடத்தில் இணைந்திருக்கும். சார்ஜரும் ஆக்ஸும் சேர்ந்தால் ஒரு வளையம் உருவாகி, ஆல்டர்னேட்டரின் சத்தம் அதற்குள் ஏறும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தத்தின் சுருதி ஏறினால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

மலிவான தீர்வு, கேட்கும்போது சார்ஜ் போடாமலிருப்பது. 2009இல் வந்த 160 ஜிபி கிளாசிக்குக்கு ஆப்பிள் சொன்ன கணக்கு 36 மணி நேரம். பேட்டரி பாதியாகத் தேய்ந்திருந்தாலும் ஒரு நாள் விழாவுக்குத் தாங்கும். சார்ஜ் அவசியம் என்றால், வேறெதிலும் செருகாத பவர் பேங்க் ஒன்றிலிருந்து கொடுங்கள், இரைச்சல் நின்றுவிடும். அதுவும் முடியாத இடத்தில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை ஆக்ஸ் வயரின் நடுவே போடலாம். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். மலிவானவற்றில் இரும்பு குறைவு என்பதால் அடி பாஸ் கொஞ்சம் மெலியும். காருக்கு அது போதும், நல்ல வீட்டு செட்டுக்கு வேண்டாம். இரைச்சலை நிறுத்த ஆம்பின் மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள்ளை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு வயர் உரசினால் ஆம்பின் உலோகப் பெட்டியும், அதோடு உங்கள் கையிலிருக்கும் ஐபாடின் எஃகு முதுகும் 230 வோல்ட்டில் நிற்கும்.

நாளை புதிய பிளேயருக்கு மாறினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஹெட்போன் துளையிலிருந்து 3.5க்கு மாற்றும் அடாப்டர் போட்டு ஆம்பில் மாட்டக்கூடாது. அந்தத் துளையில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி நெகட்டிவ் உண்டு. அடாப்டர் அவை இரண்டையும் ஷார்ட் செய்துவிடும், பிளேயரின் ஆம்ப் புகைந்துபோகலாம். ஆம்புக்கு 3.5 துளையே போதும்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலையிலேயே இணைத்துச் சோதியுங்கள். ஹார்ன் ஓடும்போது ஒரு பழைய மோனோ பாடலைப் போடுங்கள். அது முழுக் குரலோடு வந்தால் வயர் சரி. அடுத்து, ஆரம்பத்தில் ஒரு வாத்தியம் வலது காதில் மட்டும் ஒலிக்கும் ஸ்டீரியோ பாடல் ஒன்றை ஹெட்போனில் தேடி வைத்திருந்து போடுங்கள். அந்த வாத்தியம் ஹார்னில் கேட்கவில்லை என்றால், பான் குமிழை நடுவுக்குத் திருப்ப மறந்திருக்கிறீர்கள்.