ஐ.க்யூ. 88 என்றால் என் மகன் மந்தமானவனா?

கேள்வி: என் மகனுக்கு வயது 9. ஆங்கிலவழியில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் வாய் ஓயாமல் தமிழில் பேசுவான். ஆனால் வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். பள்ளியில் சொன்னதன்பேரில் உளவியல் சோதனை எடுத்தோம். சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. அறிக்கையில் சொல்வழி 76, செயல்வழி 100, மொத்தம் 88 என்று இருக்கிறது. அவன் மந்தமானவனா? சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டுமா? - வாசகி, தேனி

பதில்: மாற்ற வேண்டியதில்லை. இந்த அளவுகோலில் 100 என்பது அதே வயதுக் குழந்தைகளின் சராசரி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருகிறார்கள், உங்கள் மகனும் அதற்குள்தான் இருக்கிறான். அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு செய்ய, மதிப்பெண் 70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதுடன், தானாக உடுத்துவது, கடையில் காசு கொடுத்து மீதி வாங்குவது போன்ற அன்றாடத் திறன்களும் வயதுக்குப் பின்தங்கியிருக்க வேண்டும்.

மொத்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள 24 புள்ளி இடைவெளி. அமெரிக்கச் சோதனை ஒன்றை இந்தியக் குழந்தைகளுக்காக மாலின் என்ற உளவியலாளர் தழுவி 1969-இல் வெளியான அளவுகோலாக இது இருக்கக்கூடும். அதில் மொத்தம் என்பது இரு பிரிவுகளின் சராசரி, ஆகவே உங்கள் மகனின் பலமும் சிரமமும் அந்த 88-க்குள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. (அரை நூற்றாண்டு கடந்த அளவுகோலை இன்னும் நம்பியிருக்கிறோம் என்பது எங்கள் துறைக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.) வண்ணக் கட்டைகளை அடுக்கி மாதிரி உருவத்தை அமைப்பது, படத்தில் விடுபட்ட பகுதியைச் சுட்டிக்காட்டுவது போன்ற செயல்வழிச் சோதனைகளில் அவன் சராசரி மாணவனாகவே இருக்கிறான். சொல்வழிப் பிரிவிலோ சொற்பொருள், பொது அறிவு, மனக்கணக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். தமிழில் சிந்திக்கும் பிள்ளைக்குக் கேள்வியே புரியாமல் போயிருந்தால், அந்த 76 அவன் அறிவை அளந்ததா, ஆங்கிலத்தை அளந்ததா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காக உடனே இன்னோர் இடத்தில் அதே சோதனையைத் திரும்ப எடுக்காதீர்கள். குறுகிய இடைவெளியில் எடுத்தால் பழக்கத்தினாலேயே மதிப்பெண் கூடிவிடும். சோதித்தவரிடம் உட்பிரிவு மதிப்பெண்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். சொல்வழித் திறனைத் தமிழில் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

அவனுடைய உண்மையான சிக்கல் வாசிப்பு. ஐ.க்யூ. சோதனை அதை மட்டும் தனியாகச் சொல்லாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டுக்கான (அறிவுத்திறன் இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் திணறும் நிலைக்கான) சோதனைக்குச் செல்லுங்கள். அதில் பத்தியை உரக்க வாசிக்க வைப்பார்கள், பார்த்தெழுதவும் சொல்வதை எழுதவும் வைப்பார்கள், கணக்கும் கொடுப்பார்கள். தமிழில் எழுதும்போது கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றுகிறானா, எழுத்துக்கூட்டிய சொல்லையே அடுத்த வரியில் மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறானா என்று பார்ப்போம். லகர, ளகர, ழகரக் குழப்பத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. அப்படிச் செய்தால் தமிழ்நாட்டில் பாதிப்பேருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

கற்றல் குறைபாடு உறுதியானால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று என்பதால், அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் பெறலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க அது உதவும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

கேள்வி: விரல்ரேகையை ஸ்கேன் செய்து குழந்தைக்கு எந்தத் துறை ஏற்றது என்று சொல்கிறார்களே, எடுக்கலாமா? - வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ரேகைகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன; அவற்றைக் கொண்டு அறிவையோ ஆர்வத்தையோ கணிக்கலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34, அலுவலகப் பணி. எதிலும் கவனம் நிலைப்பதில்லை. இணையத்தில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) வினாத்தாள் ஒன்றை நிரப்பினேன், அதிக மதிப்பெண் வந்தது. பெரியவர்களுக்கும் இதற்குச் சோதனை உண்டா? - வாசகர், கோவை

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் நிரப்பிய வினாத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்து உடம்பு சுடுகிறது என்று சொல்வதைப் போன்றது. என்ன காய்ச்சல் என்பதை அது சொல்லாது. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு கோளாறு ஆகிய எல்லாமே கவனத்தைக் கலைக்கும். எனவே மதிப்பீட்டின் பெரும்பகுதி, வினாத்தாளாக அல்லாமல், நீண்ட உரையாடலாகவே இருக்கும். ஏ.டி.எச்.டி. முப்பது வயதுக்கு மேல் புதிதாக முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும் என்பதும், அவை ஓரிடத்தில் மட்டுமல்லாமல் வீடு, வேலை எனப் பல இடங்களிலும் தொல்லை தந்திருக்க வேண்டும் என்பதும் விதி. அலுவலகத்தில் மட்டும், அதுவும் மேலாளர் மாறிய பிறகு மட்டும் கவனம் சிதறுகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். பழைய மதிப்பெண் அட்டைகள் கிடைத்தால் கொண்டு செல்லுங்கள். ‘கெட்டிக்காரன், ஆனால் கவனக்குறைவு’ என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி. சிறுவயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் இன்னும் நல்லது.

செல்வதற்கு முன், அந்த மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. மருந்து தேவைப்பட்டால் அதை மனநல மருத்துவர்தான் எழுதித் தர முடியும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.