புல்லட்டைப் பிரிக்கும் முன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் தந்தை ஓட்டிய 1972ஆம் ஆண்டு புல்லட் 350, அவர் மறைந்த பின் பத்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை வீட்டிலேயே சீரமைக்க விரும்புகிறேன். முதலில் பெயிண்ட் அடிக்கலாமா, எஞ்சினைப் பிரிக்கலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். பெயிண்ட் கடைசி வேலை. எஞ்சினைப் பொறுத்தவரை, பழுது எங்கே என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் கிக்கரை மிதிக்கக் கூடாது. துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங் உடைந்து வார்ப்பிரும்பு சிலிண்டரைக் கீறிவிட்டால் ரீபோர், அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் மெல்ல இறங்கி எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸின் அடியில் தேங்கியிருக்கும் என்பதால், அதை முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியதும் எஞ்சின் தலைப்பகுதியில் வால்வுகளை அசைக்கும் ராக்கருக்குச் செல்லும் ஆயில் குழாயின் முனையைச் சற்றே தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கடலோரத்தில் வசிப்பவர்கள் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது வயரை ஃபிரேமோடு இணைக்கும் எர்த் இணைப்புகளைத்தான். உப்புக்காற்றில் ஃபிரேமுக்கும் வயர் முனைக்கும் இடையே படியும் பச்சையும் வெள்ளையுமான பூச்சு, பிளக்கில் பொறி வரவைக்கும் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது, பொறி பலவீனமாகிறது, பழியோ கார்புரேட்டர் மேல் விழுகிறது. ஒவ்வொரு முனையையும் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அதை மாதக்கணக்கில் டேங்கில் தேக்கி வைத்தால், நீங்கள் அகற்றிய துரு மறுபடியும் வந்துவிடும்.

கேள்வி: என் பழைய புல்லட் கிக் செய்யும்போது காலைத் திருப்பி அடிக்கிறது. ஐட்லிங்கும் (ஆக்சிலேட்டர் தராதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) சீராக நிற்பதில்லை. பட்டறையில் மூன்று முறை கார்புரேட்டரைக் கழுவியும் பயனில்லை.
- வாசகர், தக்கலை

பதில்: காலை அடிப்பது டைமிங், அதாவது பொறி விழும் நேரத்தின் கோளாறு, கார்புரேட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனையான பாயிண்ட்டின் கீழே, வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் துருவில் சிக்கிக்கொண்டால், கிக்கரின் மெதுவான சுழற்சியிலும் பொறி முன்கூட்டியே விழுந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்தப் பாகத்தைக் கையால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விடுங்கள்.

அடுத்து பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். இடைவெளி கூடினால் டைமிங் முன்னே நகரும் என்பதால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்ற வரிசையை மாற்றக் கூடாது. பிறகு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்தும் கட்டத்தில்) பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது, அட்வான்ஸ் யூனிட் முழுவதும் பின்தங்கிய நிலையில், பாயிண்ட் திறக்கும்படி அமையுங்கள். பாயிண்ட்டின் இடையே சிகரெட் தாள் போன்ற மெல்லிய தாளைப் பிடித்து இழுத்தபடி எஞ்சினை மெல்லச் சுற்றினால், தாள் விடுபடும் கணமே அது திறக்கும் கணம். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் இந்தச் சோதனையை நான் இன்றும் நம்புகிறேன்.

ஐட்லிங்குக்கு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் சிறிது ஆயில் தடவிப் பாருங்கள். சத்தம் மாறினால் இடையிலுள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட் வழியாகக் காற்று புகுகிறது.

கேள்வி: ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குப் பழம்பெரும் வாகனப் (விண்டேஜ்) பதிவு வாங்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி வாங்கலாம், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. தினமும் ஓட்ட நினைப்பவர் வழக்கமான பதிவைப் புதுப்பிப்பதே பொருத்தம். எதுவானாலும், பெயிண்டுக்காக ஃபிரேமைத் தேய்க்கும் முன் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது அந்த எழுத்துகளின் மேல் கை படவே கூடாது.