டர்போ காரும் டெல்டா ரோடும்

சின்ன டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களோடு. டர்போ என்பது, வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி.

கே: என்னுடையது போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல், 2021 மாடல். கம்பெனி சொன்ன மைலேஜ் 18.24. ஊருக்குள் 12-ஐத் தாண்டவில்லை. திருச்சி போய் வந்தால் மட்டும் 17 கிடைக்கிறது. என்ஜினில் கோளாறா?
– வாசகர், மன்னார்குடி

கோளாறு எதுவும் இல்லை. 18.24 என்பது சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. கடைத்தெரு வரை மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினால் என்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். சூடேறாத என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போவை எழுப்பும்போதும் அதே கதை. மெதுவாக மிதித்தால் ஒரு லிட்டர் என்ஜின், அழுத்தினால் ஒன்றரை லிட்டர் என்ஜினின் பசி.

இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிட மைலேஜில் 6, 7 சதவீதம் போகும். அதை எந்த மெக்கானிக்காலும் மீட்டுத் தர முடியாது.

மைலேஜை டேஷ்போர்டில் பார்க்காதீர்கள். ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, மறுபடி அதே போல நிரப்பிக் கணக்குப் போடுங்கள். டயர் காற்றை டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டர்போ வீண் செலவு என்பதே என் கருத்து. மாதம் நான்கு முறையாவது நாலுவழிச் சாலை ஏறுகிறவருக்குத்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும்.

கே: மூன்றாவது கியரில் 25-ல் வரும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் வண்டி முதலில் முனகுகிறது, பிறகு திடீரென்று பாய்கிறது. சில நேரம் 'டக்' என்று ஒரு தட்டலும் கேட்கிறது. ஐ20 டர்போ.
– வாசகி, கும்பகோணம்

முனகலும் பாய்ச்சலும் டர்போவின் சுபாவம். என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே சுழன்றால் டர்போவைச் சுழற்றப் போதுமான புகை வராது. இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டு மிதியுங்கள், முனகல் போய்விடும்.

தட்டலைத்தான் கவனிக்க வேண்டும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில், குறைந்த சுற்றில் பெரிய சுமை ஏற்றினால் பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்வது உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று எகிறும். அடிக்கடி நடந்தால் பிஸ்டனே உடையும். இதைக் குறைக்கவென்றே 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா, கிரேடு மேனுவலில் சொன்னதுதானா என்று பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். பேரலில் இருந்து அளந்து ஊற்றும் ஆயில் இந்த என்ஜின்களுக்கு வேண்டாம்.

ஊருக்குள் குறுகிய ஓட்டம் அதிகமென்றால் 7,500 கிலோமீட்டர் அல்லது எட்டு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றிவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடித்தால், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். அப்போது எட்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கே: ரோட்டில் உளுந்தும் வைக்கோலும் பரப்பிக் கிடக்கும் நாட்களில் அதன் மேல் ஓட்ட பயமாக இருக்கிறது. டர்போ காருக்கு இதனால் ஏதும் ஆகுமா?
– வாசகர், நீடாமங்கலம்

ஆகும். எல்லா காருக்குமே ஆகும், டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. தை, மாசியில் சம்பா அறுவடை, பங்குனியில் உளுந்து, பயறு, புரட்டாசியில் குறுவை என்று வருஷத்தில் மூன்று பருவம் நம்மூர் தார் ரோடுதான் களம். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை, களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வருகிறார்?

முதல் ஆபத்து தீ. டர்போவை ஒட்டியே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும், அங்கிருந்து சைலன்சர் குழாய் தரையை ஒட்டி ஓடும். வேகமாக ஓட்டி வந்த வண்டியில் கன்வெர்ட்டரின் மேல்தகடே 300 டிகிரியைத் தாண்டும். காய்ந்த செடி அங்கே சிக்கிப் புகைய ஆரம்பித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வாசம் வரும்வரை தெரியாது. பரப்பின் மேல் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். அதன் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தாண்டியதும் வெறும் தாரில் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள்.

இரண்டாவது, உளுந்துக் கொடி டிரைவ் ஷாஃப்டில் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் ஷாஃப்ட் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறும். பிறகு மண் புகுந்து, திருப்பத்தில் 'கடக் கடக்' என்று சத்தம் வரும்போது ஜாயின்டையே மாற்ற வேண்டியிருக்கும். சூடு ஆறியபின் கையால் பிரித்தெடுங்கள். பக்கத்து வயலில் கருக்கரிவாள் வாங்கி அறுக்கப் போகாதீர்கள். பூட்டும், அதன் அருகே ஓடும் ஏபிஎஸ் வயரும் சேர்ந்து அறுபடும்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: முன்பக்கம். ஏசி கன்டென்சர், ரேடியேட்டர், பெரும்பாலான மாடல்களில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) எல்லாம் பம்பருக்குப் பின்னால் அடுக்கடுக்காக நிற்கின்றன. கதிர் அறுக்கும் மெஷின் கிளப்பும் சுணையும் பதரும் இவற்றின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும். முதல் அறிகுறி, நின்றால் ஏசி குளிர்வதில்லை, ஓடினால் குளிர்கிறது. அடுத்து, இன்டர்கூலர் அடைத்தால் டர்போ தள்ளும் காற்று சூடாகவே உள்ளே போகும். தட்டல் வராமலிருக்கக் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். உரிமையாளர் "வண்டி முன்ன மாதிரி இழுக்கல" என்பார். வாட்டர் சர்வீஸ் கன் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீரை உள்ளிருந்து வெளியே வரும்படி விட்டு, மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் வாக்கிலேயே தட்டியெடுங்கள்.

ஏர் ஃபில்டரை அறுவடை முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்டியின் கிளிப் சரியாக உட்காராமல் தூசி கசிந்தால் முதலில் அடிபடுவது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் இறக்கை. எண்ணெய் தடவிய 'ஸ்போர்ட்ஸ்' ஃபில்டர் இந்தத் தூசிக்கு ஆகாது.

கே: ஓட்டி முடித்து அணைக்கும் முன் ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டுமாமே?
– வாசகர், பாபநாசம்

ஐந்து நிமிடம் பெட்ரோல் நஷ்டம். இப்போதைய சின்ன டர்போக்களுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு. தெருவுக்குள் மெதுவாக வந்து நிறுத்தினால் ஒன்றுமே வேண்டாம். நாலுவழிச் சாலையில் 100-ல் வந்து நேராக டீக்கடையில் நிறுத்தினால் மட்டும் ஒரு நிமிடம்.

கே: டிசிடி ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, மேனுவலா?
– வாசகி, மயிலாடுதுறை

டிசிடி என்பது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. ஐ20 டர்போவில் வரும் ஏழு கியர் டிசிடி ட்ரை கிளட்ச் வகை, கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருக்காது. நெரிசலில் நத்தை போல ஊர்ந்தால் கிளட்ச் தகடு தேய்ந்து சூடாகும். முன்னால் போகும் வண்டிக்குப் பத்தடி இடம் விட்டு, முழுதாக நின்று, முழுதாக நகருங்கள். பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். இது கைவராது என்றால் மேனுவலே நல்லது. (2028 மகாமகத்துக்குக் கும்பகோணம் போவதாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.) பழைய போலோ 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், அதற்கு இந்தக் கவலை இல்லை.

கே: மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீரில் இறங்கலாம்?
– வாசகர், சீர்காழி

2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழையைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். டர்போ காற்றை இழுக்கும் வேகத்தில் தண்ணீரும் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய தப்பு. தள்ளி வெளியே எடுத்து, பேட்டரியைக் கழற்றி, டோ செய்யுங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸில் இந்த என்ஜின் சேதம் பெரும்பாலும் வராது, 'என்ஜின் புரொடெக்ட்' தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதிலும் தண்ணீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் தகராறு வரும்.

கே: செகண்ட் ஹேண்டில் பலேனோ ஆர்எஸ் பார்த்திருக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

2017 முதல் 2020 வரை வந்த வண்டி, ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ என்ஜின். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப்புகை வந்தால் திரும்பி வந்துவிடலாம். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம், சொட்டினால் டர்போ சீல் போயிருக்கும். ஆயில் மாற்றிய பில்கள் இல்லாத டர்போவை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். பவர் கூட்ட ரீமேப் செய்தார்களா, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றினார்களா என்று கேளுங்கள், இல்லை என்றாலும் கிளட்ச் வழுக்குகிறதா என்று நான்காவது கியரில் ஏற்றிப் பாருங்கள். இந்த மாடல் இ20 வருவதற்கு முந்தியது, பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்பதையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். வயல் ஓரத்தில் நின்ற வண்டி என்றால் எலி கடித்த வயரும் வேக்குவம் குழாயும் பானெட்டுக்குள் கட்டாயம் இருக்கும், விலையில் பேசிக் குறையுங்கள்.