தம்பியை ஏற்றலாம், ஒரு கடிதம் இருந்தால்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மார்ச்சில் லைசென்ஸ் கைக்கு வந்தது. நானும் கணவரும் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவோம். 13 வயதுத் தம்பியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வழியில் இரண்டு தோழிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் போதாதா? கூடப்பிறந்தவர்களை ஏற்றத் தடையே இல்லை என்கிறாள் சியாட்டிலில் இருக்கும் என் அக்கா. மகளுக்கு நவம்பரில் 18 நிறைகிறது.
– ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: உங்கள் அக்கா சொல்வது வாஷிங்டன் மாநிலத்துக்குச் சரி. அங்கே முதல் ஆறு மாதத் தடையில் குடும்பத்தாருக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் அந்த விலக்கு தானாகக் கிடைக்காது. 18 நிறையாதவருக்கு இங்கே தருவது ப்ரொவிஷனல் லைசென்ஸ். அதை வைத்து முதல் 12 மாதம் 20 வயதுக்குக் குறைந்த யாரையும் மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் ஏற்றிச் செல்லக் கூடாது, சொந்தத் தம்பியே ஆனாலும். இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டவும் கூடாது. இந்த 12 மாதம் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். பெர்மிட்டோடு பழகிய மாதங்கள் கணக்கில் சேராது.

மாமியார் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் 20 வயதைத் தாண்டியவர், ஆகவே உங்கள் மகள் அவரைத் தாராளமாகக் கோயிலுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் அவரிடம் லைசென்ஸ் இல்லையென்றால், அவர் கூட இருக்கிறார் என்பதற்காகத் தம்பியையும் ஏற்றிவிட முடியாது. மேற்பார்வைக்கு உட்காருபவர் லைசென்ஸ் உள்ள பெற்றோராகவோ காப்பாளராகவோ, 25 வயது நிறைந்த லைசென்ஸ்காரராகவோ, சான்று பெற்ற பயிற்றுநராகவோ இருக்க வேண்டும். வயது மட்டும் போதாது. வீட்டில் 22 வயது அத்தை மகன் இருந்து, நன்றாகவே வண்டி ஓட்டினாலும் அவரும் உதவமாட்டார்.

தம்பிக்கு வழி உண்டு. வேறு போக்குவரத்து போதாமல், குடும்பத்துக்கு இது அவசியத் தேவை என்றால், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு மகள் அவனை ஏற்றலாம். சட்டம் அந்தக் கடிதத்தில் கேட்பது மூன்று: காரணம், தேவை முடியக்கூடிய தேதி, உங்கள் கையெழுத்து. 'மறு அறிவிப்பு வரை' என்று எழுதிவிடாதீர்கள். பள்ளி ஆண்டின் கடைசி நாளையோ மகளின் பிறந்த நாளையோ, எது முந்தியதோ அதைப் போடுங்கள். இருவர் பெயர், பிறந்த தேதி, எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு, உங்கள் வேலை நேரம், கைபேசி எண் ஆகியவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதினால் போலீஸ்காரர் கேள்வி கேட்க அதிகம் இருக்காது. ஓட்டும்போதெல்லாம் அது மகளின் கைவசம் இருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்த கடிதத்தால் பயனில்லை. தம்பியின் பள்ளிக்கு நேராகப் போகும் பேருந்து உங்கள் தெருமுனையிலேயே நின்றால், 'வேறு வழியில்லை' என்ற காரணம் நிற்காது. அதையும் யோசித்து எழுதுங்கள்.

தோழிகளுக்கு இந்தக் கடிதம் செல்லாது. அவர்கள் உங்கள் குடும்பம் அல்ல. அவர்களுடைய அம்மாக்கள் எழுதித் தந்தாலும் பலனில்லை. பள்ளி முதல்வர் தரும் கடிதமும் ஓட்டுபவரின் சொந்தப் படிப்புத் தேவைக்குத்தான்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று மகள் கேட்பாள். 2000-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 17 வயது ஓட்டுநர் விபத்தில் இறக்கும் அபாயத்தை, தனியாக ஓட்டும்போது இருப்பதோடு ஒப்பிட்டது. ஒரு பயணி இருந்தால் சுமார் ஒன்றரை மடங்கு, இருவர் இருந்தால் இரண்டரை மடங்குக்கு மேல், மூவரும் அதற்கு மேலும் என்றால் மூன்று மடங்கு. தம்பியும் இரண்டு தோழிகளும் சேர்ந்தால் மூவர். பேச்சும் சிரிப்பும், 'அந்தக் காரை முந்து' என்ற உசுப்பலும் சேரும்போது, இன்னும் கைபழகாத கண் சாலையை விட்டு விலகிவிடுகிறது.

'இதற்காகப் போலீஸ் நிறுத்தாது' என்று தோழிகள் சொல்லியிருப்பார்கள். இதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அணைந்த பின்விளக்குக்கோ வேகத்துக்கோ நிறுத்தினால் இதையும் சேர்த்து எழுதலாம். முதல் முறை 8 முதல் 16 மணி நேரச் சமூகப் பணி, அல்லது 35 டாலர் வரை அபராதம், அதன்மேல் நீதிமன்றக் கட்டணங்கள். அபராதம் சின்னதுதான். லைசென்ஸ் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பெற்றோர், அவள் ஏற்படுத்தும் விபத்தின் இழப்புக்குப் பொறுப்பேற்கிறார்கள் என்பதுதான் பெரியது. காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்த்தாயிற்றா என்று இன்றே பாருங்கள். 18 நிறையும் வரை ஓட்டும்போது கைபேசியைத் தொடாமல் பேசுவதும்கூடக் குற்றம்.

தோழிகளின் அம்மாக்களிடம் நவம்பர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். 18 நிறையும் நாளோடு இந்தத் தடைகள் நீங்கிவிடும். அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை.