ஆல்ட்டோ 800 ஸ்டீயரிங் பூட் கிழிசல்: ரேக்கையே மாத்தணுமா?

உங்க ஆல்ட்டோ 800-ல ஸ்டீயரிங் ரேக்கோட (ஸ்டீயரிங் திருப்புறதைச் சக்கரத்துக்குக் கொண்டு போற பாகம்) இடது பக்க பூட் (அதோட முனையை மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சதுக்கு, ரேக்கையே மாத்தச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவசரப்படாதீங்க. முதல்ல வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் வெச்சு (வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யவே கூடாது), சக்கரத்தை இடம் வலமா ஆட்டிக்கிட்டே கிழிசல் வழியா உள் பால் ஜாயின்ட்டை (ரேக்கையும், சக்கரத்தைத் திருப்புற கம்பியான டை ராடையும் இணைக்கிற மூட்டு) பாருங்க. லூஸ் இல்லாம, ரேக் தண்டுல துருவும் இல்லைன்னா பூட் மட்டும் போதும்.

டை ராட் எண்டை (டை ராடோட வெளி முனை) இறுக்கிப் பிடிக்கிற லாக் நட்டை அரைச் சுத்து தளர்த்தி, அது நிக்கிற இடத்தைப் பெயின்ட்டால குறிச்சுக்கோங்க. எண்டோட போல்ட்ல இருக்கிற ஸ்பிளிட் பின் (நட் கழலாம தடுக்கிற சின்ன கம்பி), நட் ரெண்டையும் கழட்டினாலும் டை ராட் எண்ட் நக்கிளை (சக்கரத்தைத் தாங்குற பாகம்) விட்டு லேசுல வராது. போல்ட் மரையில அடிச்சா மரை போயிடும். புல்லர் (இறுக்கமான பாகத்தைப் பிரிச்சு எடுக்கிற கருவி) போடுங்க, இல்லைன்னா நக்கிளோட பக்கவாட்டுல சுத்தியலால ஓங்கி அடிங்க. எண்டை எத்தனை சுத்துல கழட்டுறீங்கன்னு எண்ணிக்கோங்க.

அப்புறம் பழைய பூட்டைக் கழட்டுங்க. உள்ள பழைய கிரீஸ்ல மண் கலந்திருக்கும், சுத்தமா துடைச்சுட்டு புதுசு தடவுங்க. புது பூட்டோட சின்ன வாய் டை ராட் பள்ளத்துல சரியா உக்காரணும். அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் கிரீஸ் வைங்க. இல்லைன்னா அலைன்மென்ட்ல ராடைத் திருப்பும்போது பூட்டும் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே மறுபடி கிழியும். பெரிய வாய்க்குப் புது கிளாம்ப்தான், கேபிள் டை நிக்காது.

எண்டை எண்ணின அதே சுத்துக்குத் திரும்ப மாட்டி, ஸ்பிளிட் பின்னும் புதுசு போடுங்க. எண்ணின சுத்து சரியா இருந்தாலும் டோ (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற அளவு) கொஞ்சம் மாறும், அன்னிக்கே அலைன்மென்ட் பாத்துடுங்க.